சட்டையிலிருந்து பெயரை எடுக்க வேண்டாம்

டுசல்டோர்ஃப்
19 யூன் 2004

அன்பு நிறைந்த தம்பி ரகுநாதன் அவர்களுக்கு, உங்கள் அண்ணி சந்திரகாந்தி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் மகள் மதுமதி குடும்பமும் தெய்வ கிருபையால் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். என் வயதுக்கு என் இரத்த அழுத்தம் மிக நன்றாக இருப்பதாக டொக்டர் சொன்னார். வயதைக் குறிப்பிடாமலே அதைச் சொல்லியிருக்கலாம். உங்கள் முழங்கால் நோ எப்படி? லண்டனில் இப்போதாவது வெயில் வந்ததா? இங்கே நல்ல வெயில். பல்கனியில் மிளகாய்க் கன்று பூத்திருக்கிறது.

உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அதில் திகதி இல்லை, என் சுகம் விசாரிக்கவில்லை, முதல் சொல்லே ‘வெட்கக்கேடு’ என்று இருக்கிறது. கன்னியர் மடத்தில் எங்களுக்குக் கடிதம் எழுதப் பழக்கிய மதர் இக்னேஷியா இதைக் கண்டிருந்தால் உங்களைக் கொண்டு மறுபடி எழுதுவித்திருப்பார். நான் அப்படிச் செய்யவில்லை. அண்ணையின் மேலுள்ள பாசத்தில் கை பதறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ‘அந்தச் சோம்பேறிகளின் முதுகிலிருந்து அண்ணையின் பெயரைக் கழற்றும் பத்திரத்தில் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒப்பமிட்டு அனுப்புவேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முன் இதை முழுவதும் வாசியுங்கள். புனித லோறன்சியார் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்கு நீங்கள் காப்பாளர். உங்கள் ஒப்பம் இல்லாமல் பெயரை வைக்கவும் ஏலாது, எடுக்கவும் ஏலாது என்று சங்கத்தின் சட்ட யாப்பில் இருக்கிறது. ஆகவே என் கணவரின் பெயர் இப்போது உங்கள் பேனையின் முனையில் நிற்கிறது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை இங்கு விடுமுறை. அன்றைக்குத்தான் எங்கள் கல்லூரியினதும் புளியடி மத்திய கல்லூரியினதும் பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் ஹம் நகரத்தில் ஒரு கிண்ணத்துக்காக உதைபந்தாட்டம் வைக்கிறார்கள். எங்கள் அணியின் பெயர் இரத்தினம் மாஸ்டர் அணி. உங்கள் அண்ணையிடம் பந்தடிக்கப் பழகியவர்கள்தான் விளையாடுகிறார்கள், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். இந்த வருடம் என்னைப் பிரதம விருந்தினராக அழைத்திருந்தார்கள். விருந்தினர் முதல் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடக்கிவைக்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் பத்மா தொலைபேசியில் சொன்னா. எதைச் செய்தாலும் திருந்தச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கிழமையாக எங்கள் நடையில் ஒரு தோடம்பழத்தை வைத்து உதைத்துப் பழகினேன். கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா, சுவரில் ஏதும் திருத்த வேலை நடக்கிறதா என்று ஏறிவந்து கேட்டா. அன்று மைதானத்தில், நீலக்கரைச் சேலையை ஒரு கையால் சற்று உயர்த்திக்கொண்டு, நான் உதைத்த பந்து நேராகப் புளியடி மத்திய கல்லூரியின் பக்கத்துக்குப் போனது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அன்று முழுவதும் எங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு ஒழுங்காகப் போன பந்து அது ஒன்றுதான்.

அதற்கு முன் என் உரை. சுருக்கமாகத்தான் ஆயத்தப்படுத்தியிருந்தேன். பதினொரு பேரும் உச்சி வெயிலில் வரிசையாக அசையாமல் நின்றார்கள். மாஸ்டர் கற்பித்த ஒழுக்கத்தைப் பற்றி நான் பேசத் தொடங்கியதும் தலைவர் சிறீதரனின் கண் கலங்கியது. அதைக் கண்டு எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. மாஸ்டரின் நேரந்தவறாமை பற்றியும் கொஞ்சம் சேர்த்தேன். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. ஆகா, பிள்ளை எவ்வளவு பாசம் வைத்திருக்கிறான் என்று மாஸ்டரின் எளிமையையும், கணித பாடத்தில் அவர் காட்டிய கண்டிப்பையும் சேர்த்து உரையை நன்றாக நீட்டினேன். பின்வரிசையில் இருவர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். அதையும் பாசம் என்றே நினைத்தேன். ஒலிபெருக்கிக்காரர் மூன்று முறை இருமினார், அவருக்கு இருமல் என்று விட்டுவிட்டேன்.

ஆட்டம் தொடங்கியது. தம்பி, நான் என்னத்தைச் சொல்ல? ஒன்பதுக்குப் பூச்சியம். அதை நீங்கள் அறிவீர்கள். நீங்கள் அறியாதது அது நடந்த விதம். எங்கள் ஆட்கள் ஓடவில்லை. நடந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சூடான மணலில் போகிறவர்கள் மாதிரிக் குதிகாலை ஊன்றி, விரலை ஊன்றி, பந்து காலடிக்கு வந்தால் அதை உதைக்காமல் மெல்லத் தள்ளிவிட்டார்கள். ஒரு பந்து வானத்திலிருந்து எங்கள் வாசலுக்கு முன்னால் இறங்கியது. பந்துக்காப்பாளர் யூட் பிடிப்பான் என்று பின்னாலே நின்ற இருவரும் விலகினார்கள். அவர்கள் அடிப்பார்கள் என்று யூட் விலகினான். விடு என்றோ அடி என்றோ அவன் ஒரு சொல் சொல்லவில்லை. பந்து தன்பாட்டில் உருண்டு உள்ளே போனது. இடைவேளையில் ஜெர்மன் மத்தியஸ்தர் என்னிடம் வந்து, உங்கள் அணியினர் ஏதும் கெட்ட சாப்பாடு சாப்பிட்டுவிட்டார்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

எங்கள் ஆதரவாளர்கள் விடுவார்களா? அவர்களுக்குத் தலைவி புஷ்பராணி. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம், மனம் நல்லது. நீலமும் வெள்ளையும் கன்னத்தில் பூசி, மேளக்காரரையும் கூட்டிக்கொண்டு, ஒரு பஸ் நிறைய ஆட்களோடு வந்திருந்தா. மூன்றாவது கோலோடு மேளம் நின்றது. ஐந்தாவதோடு அவ எழுந்து கோட்டருகே போனா.

“டேய் சிறீ, பந்து உன்னைத் தேடி வராது. நீதான் அதிட்டைப் போகவேணும். எங்கடை ஹைமிலை ஒரு தொண்ணூறு வயசுக் கிழவர் நடைவண்டிலோடை உங்களை விடக் கெதியாப் போவார். அடுத்தமுறை அவரைக் கூட்டியாறன்.”

சனம் எல்லாம் சிரித்தது. புளியடிக்காரரும் சிரித்தார்கள். சிறீதரன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வாரம் அவர்கள் பயிற்சி முகாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வடக்கே ஏதோ ஒரு நகரத்துக்குப் போய், இரண்டு நாள் தங்கி, அங்கிருந்து நேராக மைதானத்துக்கு வந்திருந்தார்கள். அதுவேறு ஆட்களின் வயிற்றெரிச்சலைக் கூட்டியது. என்ன பயிற்சி, படுத்துப் பயிற்சியோ என்று யாரோ கேட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு தோற்கிறார்கள் என்று ஒரு குரல் வந்தது. அப்போதுதான் எனக்கு உடம்பு கூசியது. உங்கள் அண்ணையின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்து அந்தச் சொல்லை ஒருவர் சொல்வதா?

கிண்ணத்தைப் புளியடிக்காரரிடம் கொடுத்தேன், புன்னகையோடுதான் கொடுத்தேன், அதில் குறை வைக்கவில்லை. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு நேராக உடை மாற்றும் அறைக்குப் போனேன். ஆண்கள் அறை, அன்ரி, போகவேண்டாம் என்று பத்மா பின்னால் ஓடிவந்தா. கதவைத் தட்டி, எல்லோரும் உடுத்திருக்கிறீர்களா என்று கேட்டு, ஓம் என்ற பிறகுதான் பத்மாவை வெளியில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். பதினொரு பேரும் நீள வாங்கில் இருந்தார்கள். ஒருவரும் சப்பாத்தைக் கழற்றவில்லை. அது எனக்கு வினோதமாகப் பட்டது. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் உங்கள் அண்ணை முதலில் செய்வது அதுதான்.

“சிறீதரன், சப்பாத்தைக் கழட்டு.”

“வேண்டாம் அன்ரி.”

“கழட்டு எண்டு சொன்னனான்.”

கழற்றினான். தம்பி, உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். பாதி உடைந்து கால்மேசோடு ஒட்டியிருந்தது. மற்றவர்களையும் கழற்றச் சொன்னேன். பத்துப் பேருக்கும் அதே கால். சட்டையைத் தூக்கு என்றேன். முதுகில் செடில் முள் குத்திய காயம், திருநீறு அப்பியபடி. அந்தப் பயிற்சி முகாம் என்பது ஒரு முருகன் கோவில். தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிற கோவிலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே தேர். இவர்கள் பத்துப் பேரும் வெறுங்காலோடு கொதிக்கிற தார் வீதியில் காவடி எடுத்து ஆடியிருக்கிறார்கள். எதற்காக? மறுநாள் ஆட்டத்தில் வெல்வதற்காக.

வென்ற பிறகு அல்லவா நேர்த்திக்கடன் தீர்ப்பது என்று கேட்டேன். அதற்குச் சிறீதரன் சொன்ன நியாயத்தை நீங்கள் கேட்க வேண்டும். கோவிலில் தேர் வருடத்தில் ஒருநாள். அது ஆட்டத்துக்கு முதல் நாளாக விழுந்துவிட்டது. “வெண்டாப்பிறகு எடுக்கிறதெண்டால் அடுத்த வருசம் மட்டும் முருகனுக்குக் கடன்காரராய் நிக்கவேணும் அன்ரி. இந்த நாட்டிலை எல்லாம் முன்கூட்டித்தானே. அதுதான் முதலே குடுத்திட்டம்.” வீடு எடுக்கும்போது முற்பணம் கட்டிக் கட்டிப் பழகிய பிள்ளைகள், முருகனுக்கும் முற்பணம் கட்டியிருக்கிறார்கள். நான் கன்னியர் மடத்தில் தர்க்கம் படித்தவள். எனக்கே அதில் ஒரு பிழை கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பதினோராவது ஆள் யூட். அவன் வேதக்காரன், காவடி எடுக்க முடியாது. ஆனால் தான் மட்டும் சும்மா இருப்பது முறையில்லை என்று, மாதாவின் வணக்க மாதமான மே மாதத்தின் கடைசி மூன்று நாளும் வாய் திறப்பதில்லை என்று மடு மாதாவுக்கு நேர்ந்திருக்கிறான். ஆட்டம் நடந்த திங்கட்கிழமை மே முப்பத்தொன்று. ஆகவேதான் பந்து வந்தபோது விடு என்றும் சொல்லவில்லை, அடி என்றும் சொல்லவில்லை. நான் அவனைப் பார்த்தேன். அவன் கழுத்துச் செபமாலையைத் தூக்கிக் காட்டி, வாயில் விரலை வைத்தான். எங்கள் மடத்தில் தியானக் காலத்தில் மூன்று நாள் மௌனம் உண்டு. அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். நான் அதை ஒருமுறையாவது முழுமையாக முடித்ததில்லை. இவன் ஒன்பது கோலுக்கு நடுவில் முடித்திருக்கிறான்.

ஏன் இதை வெளியில் சொல்லவில்லை, சொன்னால் சனம் பாவம் என்றாவது சொல்லுமே என்றேன். சிறீதரன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“சொன்னால், காவடி எடுத்தும் ஒன்பது வாங்கினவங்கள் எண்டு முருகனையெல்லோ சிரிப்பினம். எங்களைச் சோம்பேறி எண்டு சொல்லட்டும் அன்ரி. அது பரவாயில்லை.”

அன்று நான் என் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததை யாரும் காணவில்லை. பிறகு சுடுதண்ணீரும் உப்பும் எடுப்பித்து எல்லோருடைய காலையும் அதில் வைக்கச் செய்தேன். புஷ்பராணி கொண்டுவந்த மட்டன் ரோல்ஸ் மிஞ்சிப்போய் இருந்தது, அதையும் எடுப்பித்துக் கொடுத்தேன். அவர்கள் விரதம் முடித்தவர்கள், ஆளுக்கு நாலு தின்றார்கள். நானும் இரண்டு சாப்பிட்டேன். உறைப்பு அளவாக இருந்தது.

ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சிறீதரன் என்னிடம் வாக்கு வாங்கினான். கொடுத்தேன். அதனால்தான் மறு ஞாயிறு பொதுக்கூட்டத்தில் நான் வாயைக் கட்டிக்கொண்டு முதல் வரிசைக் கதிரையில் இருந்தேன். புஷ்பராணி எழுந்து நின்று பேசினா. அந்தப் பிள்ளை பேசியது தவறென்று நான் சொல்லமாட்டேன்.

“தோத்ததுக்கு நாங்கள் கதைக்கேல்லை. நான் ரெண்டு பேரிட்டைக் கெஞ்சி ஷிஃப்ட் மாத்திப்போட்டு வந்தனான். ஓடித் தோத்திருந்தால் நானே ரோல்ஸ் ஊட்டிவிட்டிருப்பன். ஓடாமல் நிண்டிட்டு, முதுகிலை மாஸ்டரின்ரை பேர் என்னத்துக்கு?”

கை தட்டினார்கள். பிறகு கை உயர்த்தினார்கள். நானும் என் மடியில் இருந்த கைப்பையும் மட்டும் உயரவில்லை. சிறீதரனும் ஆட்களும் கடைசி வரிசையில் நின்றார்கள். இருந்தால் முதுகு கதிரையில் படும் அல்லவா? அதையும் திமிர் என்று யாரோ சொன்னார்கள். இப்படித்தான் அந்தப் பத்திரம் உங்களிடம் வந்தது.

வாக்குக் கொடுத்துவிட்டு இப்போது எப்படி எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நான் யோசிக்காமல் ஒன்றும் செய்வதில்லை. ஜெர்மனியில் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்றுதான் சொன்னேன். அப்படிச் சொல்லும்போதே உங்களை நினைத்துத்தான் சொன்னேன். நீங்கள் இங்கிலாந்தில் இருக்கிறீர்கள்.

ஆகவே தம்பி, இவர்கள் முயற்சி செய்யாமல் தோற்றவர்கள் அல்லர். முயற்சி முழுவதையும் முதல் நாளே செய்து முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். இவர்கள் காலில் கொப்புளம் இல்லாதிருந்தால், யூட்டின் வாய் திறந்திருந்தால், கிண்ணம் எங்களுடையது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இவ்வளவு கட்டுப்பாடும் இவ்வளவு அடக்கமும் உங்கள் அண்ணையிடம் படித்ததல்லாமல் வேறு எங்கிருந்து வந்தது? அந்தப் பத்திரத்தை ஒப்பமிடாமல் திருப்பி அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம். காப்பாளருக்குக் காரணம் எழுதும் கடமை இல்லை, யாப்பைப் பார்த்துவிட்டேன்.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா? எல்லோரும் நோய்நொடியின்றி, குளிருக்குக் காலுறை போட்டு, நீண்ட காலம் நிறைவாக வாழக் கடவுளையும் தேவதாயையும் வேண்டிக்கொண்டு இத்துடன் நிறுத்துகிறேன்.

உங்கள் அண்ணி
சந்திரகாந்தி இரத்தினம்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. சிறீதரனும் யூட்டும். அணியின் சட்டைகளை எல்லாம் தோய்த்து, மடித்து, ஒரு பையில் கொண்டுவந்திருக்கிறார்கள். மற்றவர்கள் பறிப்பதற்கு முன் தாங்களே என் கையில் தருவது மரியாதை என்றார்கள். நான் தேத்தண்ணீர் கொடுத்து, கவலைப்பட வேண்டாம், காவடி எடுக்காதிருந்தால் நீங்கள்தான் வென்றிருப்பீர்கள் என்று ஆறுதல் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிறீதரன் சொன்னான்:

“புளியடிக்காரரும் அங்கைதான் காவடி எடுத்தவை அன்ரி. முழு ரீமும். எங்களுக்கு முன்னாலைதான் வெறுங்காலோடை ஆடிக்கொண்டு போனவை.”

நான் கடித உறையைக் கீழே வைத்தேன். அப்படியானால் ஏன் தோற்றீர்கள் என்று கேட்டேன்.

“அவை நல்லா விளையாடுவினம் அன்ரி.”

யூட்டாவது வாய் திறந்திருந்தால் என்று இழுத்தேன். மாதம் முடிந்துவிட்டபடியால் அவன் இப்போது தாராளமாகப் பேசுகிறான். தான் கத்தியிருந்தாலும் ஒன்றும் நடந்திராது என்றும், கண்ணாடி இல்லாமல் தனக்குப் பந்து தெரிவதே அது தாண்டிப் போன பிறகுதான் என்றும் சொன்னான்.

ஆகவே தம்பி, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். கிழித்து மறுபடி எழுதலாம், ஆனால் நல்ல தாள். அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அண்ணை அணியைப் பொறுப்பெடுத்த வருடமே நீங்கள் லண்டனுக்குப் போய்விட்டீர்கள், ஆகவே உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அங்கே எல்லோருக்கும் சொல்லிப் பெருமைப்படுகிற அந்தக் கிண்ணம், எதிரணி வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றபடியால் கிடைத்தது. அவர் காலத்தில் கல்லூரி வென்றது அந்த ஒருமுறைதான். மற்ற எல்லா வருடமும் ஆறு, ஏழு என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் கால் கழுவி, மீன்குழம்போடு இரண்டு தரம் சோறு போடுவித்துச் சாப்பிட்டு, “பொடியள் நல்ல பொடியள், சந்திரா” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்வார். இவர்கள் இருவரும் என் முன்னால் அப்படியே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது வடைக்கும் கை நீட்டிவிட்டார்கள்.

அந்தப் பெயர் பொருந்துகிற அணி ஜெர்மனி முழுவதும் தேடினாலும் இது ஒன்றுதான். ஒப்பமிட வேண்டாம்.